மாக்கிங்ஜே: ஹங்கர் கேம்ஸ் தொடரின் கடைசி நாவல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் நாங்கள் நடத்தும் வாசிப்பு வட்டத்துக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து கல்லூரி முதலாண்டு வரை படிக்கிற பிள்ளைகள் வருகிறார்கள். கோட்டையூர், பள்ளத்தூர், தேவகோட்டைப் பக்கமிருந்தும் சிலர் பஸ் பிடித்து வருவதுண்டு. சூசன் காலின்ஸ் எழுதிய ஹங்கர் கேம்ஸ் தொடரின் முதல் இரண்டு புத்தகங்களை ஆசையாகப் படித்து முடிக்கும் இவர்கள், மூன்றாவதை முடித்ததும் கோபத்தோடு வந்து உட்காருகிறார்கள். "ஏன் இப்படி முடித்தார்?" என்பதுதான் எல்லாருடைய முதல் கேள்வி. பெற்றோர்களுக்கு வேறு கேள்விகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொடரிலேயே மிகச் சிறந்த புத்தகம் இந்த மூன்றாவதுதான் என்று நான் நம்புகிறேன். என் பதில்களில் அந்தச் சாய்வு இருக்கும்.

இந்தப் புத்தகத்தை மட்டும் தனியாகப் படிக்கலாமா?

வேண்டாம். தி ஹங்கர் கேம்ஸ் (2008), கேட்சிங் ஃபயர் (2009), மாக்கிங்ஜே (2010) என்ற வரிசையில்தான் படிக்க வேண்டும். மூன்றாவது புத்தகம் யாரையும் புதிதாக அறிமுகப்படுத்தி நேரம் கடத்துவதில்லை. முதல் பக்கத்திலேயே காட்னிஸ் எரிந்துபோன தன் ஊரின் சாம்பல்மேல் நிற்கிறாள். அது யாருடைய சாம்பல் என்று தெரியாமல் படித்தால் மனதில் எதுவும் நிற்காது.

முதல் இரண்டும் படித்து ரொம்ப நாளாயிற்று. கதையைக் கொஞ்சம் ஞாபகப்படுத்த முடியுமா?

வருங்கால வட அமெரிக்காவில் பானெம் என்று ஒரு நாடு. நடுவில் செல்வம் கொழிக்கும் கேபிட்டல், அதற்கு உழைத்துக் கொட்டும் 12 மாவட்டங்கள். எப்போதோ மாவட்டங்கள் கிளர்ந்தெழுந்து தோற்றதற்குத் தண்டனையாக, ஆண்டுதோறும் ஒவ்வொரு மாவட்டமும் 12 முதல் 18 வயதுக்குள் ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் அனுப்ப வேண்டும். அந்த 24 பேரும் ஒருவரையொருவர் கொல்ல வேண்டும். ஒருவர் மிஞ்சும்வரை நாடே அதைத் தொலைக்காட்சியில் பார்க்க வேண்டும்.

74ஆவது ஆட்டத்துக்குத் தன் தங்கை ப்ரிமின் பெயர் வந்ததும், அவளுக்குப் பதிலாகத் தானே போகிறேன் என்று முன்வருகிறாள் 16 வயதுக் காட்னிஸ். கடைசியில் அவளும் அதே ஊர்ப் பையன் பீட்டாவும் ஒருவரையொருவர் கொல்ல மறுத்து, சேர்ந்தே சாகத் துணிய, கேபிட்டல் வேறு வழியில்லாமல் இருவரையும் உயிரோடு விடும்படி ஆகிறது. அந்த எதிர்ப்பு மாவட்டங்களுக்குத் தீப்பொறியாகிவிடுகிறது. 75ஆவது ஆட்டத்தில் பழைய வெற்றியாளர்களையே மறுபடி களத்தில் இறக்குகிறார்கள். இந்த முறை காட்னிஸ் களத்தையே அம்பால் தகர்க்கிறாள். புரட்சிக்காரர்கள் அவளைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பீட்டா கேபிட்டலிடம் சிக்கிக்கொள்கிறான். 12ஆம் மாவட்டத்தைக் குண்டு போட்டு எரித்துவிடுகிறார்கள். இல்லாமலே போய்விட்டது என்று எல்லாரும் நம்பிய 13ஆம் மாவட்டம் பூமிக்கடியில் இயங்கிக்கொண்டிருப்பது தெரியவருகிறது.

மூன்றாவது புத்தகம் இங்கிருந்து தொடங்குகிறது.

அது என்ன பறவை, மாக்கிங்ஜே?

எதிரிகளின் பேச்சை ஒட்டுக்கேட்டு அப்படியே திருப்பிச் சொல்லும் ஆண் பறவைகளைக் கேபிட்டல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியது. விஷயம் தெரிந்த புரட்சிக்காரர்கள் அவற்றிடம் பொய்யாகச் சொல்லி அனுப்பத் தொடங்கினார்கள். தானாகச் செத்துப்போகட்டும் என்று கேபிட்டல் அவற்றைக் காட்டில் விட்டுவிட்டது. அவை சாகவில்லை. காட்டுப் பறவைகளோடு இணைந்து, யாரும் திட்டமிடாத ஒரு புது இனம் பிறந்தது. பேச்சைத் திருப்பிச் சொல்லாது, பாட்டைத் திருப்பிப் பாடும். காட்னிஸ் அணிந்த பதக்கத்தில் இருப்பது அந்தப் பறவை.

என் மகள் எட்டாவது படிக்கிறாள். கொடுக்கலாமா?

முதல் புத்தகத்தை 12, 13 வயதில் பல பிள்ளைகள் தாங்கிக்கொள்கிறார்கள். மூன்றாவது அதைவிடக் கனமானது. ஆபாசம் கிடையாது. ஆனால் சித்திரவதை, மருத்துவமனைமேல் குண்டு, வலி மருந்துக்கு அடிமையாவது, தற்கொலை எண்ணம் எல்லாம் வருகின்றன. ஆட்டத்தில் வென்ற அழகான இளைஞர்களையும் பெண்களையும் அதிபர் ஸ்னோ பணக்காரர்களுக்கு விற்றார் என்று, அப்படி வென்றவர்களில் ஒருவனான ஃபின்னிக் கேமராமுன் சொல்லும் இடம் ஒன்று உண்டு. விவரித்து எழுதவில்லை என்றாலும் பிள்ளை அதைப் பற்றிக் கேட்கும். பதில் சொல்ல நீங்கள் தயாராக இருக்க வேண்டும்.

எட்டாவது என்றால், முதல் இரண்டையும் இப்போது கொடுங்கள். மூன்றாவதை அடுத்த வருஷம் நீங்களும் சேர்ந்தே படியுங்கள். அப்பத்தாவோ ஆயாவோ வீட்டில் இருந்தால் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்பார்கள். எங்கள் வட்டத்துப் பிள்ளை ஒருத்தி சொன்னதைக் கேட்டு அவள் ஆயா, "கடைசியில அந்தத் தங்கச்சிப் புள்ளைக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று தினமும் விசாரித்தாராம்.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு இந்த ஆங்கிலம் புரியுமா?

புரியும். முழுக்கதையையும் காட்னிஸே, நடக்க நடக்கச் சொல்வதுபோல் நிகழ்காலத்தில் சொல்கிறாள். வாக்கியங்கள் சிறியவை. சிரமம் தருபவை பெரும்பாலும் ஆசிரியர் இட்டுக்கட்டிய பெயர்கள்தான். ட்ராக்கர் ஜாக்கர் என்றால் மாயத்தோற்றம் தரும் விஷமுள்ள குளவி. அவாக்ஸ் என்றால் நாக்கு அறுக்கப்பட்ட அடிமை. பாட் என்றால் தெருவில் புதைத்து வைத்த பொறி. ஹோலோ என்றால் அந்தப் பொறிகளைக் காட்டும் கைக்கருவி. இவை தெரிந்துவிட்டால் மற்றதற்கு அகராதியைப் புரட்டாமல் ஓடலாம். மூன்று பகுதிகள், பகுதிக்கு ஒன்பதாக 27 அத்தியாயங்கள், பிறகு சிறிய பின்னுரை. ஒரு வாரத்துக்கு ஒரு பகுதி என்று வைத்துக்கொண்டால் சரியாக வரும்.

படம் பார்த்துவிட்டேன். புத்தகம் எதற்கு?

மாக்கிங்ஜேயை 2014, 2015 என இரண்டு பாகங்களாகப் படமாக்கினார்கள். ஃபிரான்சிஸ் லாரன்ஸ் இயக்கம், ஜெனிஃபர் லாரன்ஸ் காட்னிஸ். நல்ல படங்கள்தான். என்றாலும் காட்னிஸின் தலைக்குள் போக கேமராவால் முடியவில்லை. புத்தகம் முழுக்க நடப்பது அங்கேதான்.

"தூக்கு மரம்" பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். படத்தில் அது பிரசாரப் பாட்டாகி, அதைப் பாடிக்கொண்டே மக்கள் அணையைத் தகர்க்கிறார்கள். அரங்கில் கைதட்டல் வாங்கிய காட்சி. புத்தகத்தில் அந்த அணைக் காட்சியே கிடையாது. இறந்துபோன அப்பா சொல்லிக்கொடுத்த பாட்டு அது. அம்மா பாடக்கூடாது என்று தடுத்த பாட்டு. நாக்கில்லாத பாலக்ஸ் என்பவன் கேட்டதற்காக ஏரிக்கரையில் காட்னிஸ் பாடுகிறாள். பறவைகள் அமைதியாகி, பிறகு திருப்பிப் பாடுகின்றன. செத்தவன் தன் காதலியைத் தன்னோடு சாக வரச்சொல்லும் பாட்டு என்று சிறுவயதில் புரியாதது இப்போது அவளுக்குப் புரிகிறது. இந்த ஒரு இடத்துக்காகவே புத்தகத்தைப் படிக்கலாம்.

இன்னொன்று, காட்னிஸை ஆட்டத்துக்கு அழைத்துப்போன கேபிட்டல் பெண் எஃபி படத்தில் 13ஆம் மாவட்டத்தில் இருக்கிறாள். புத்தகத்தில் அவள் கடைசியில்தான் வருகிறாள். அவள் இடத்தில் இருப்பவர்கள் காட்னிஸின் ஒப்பனைக்காரர்கள் மூவர். அவர்களுக்கு நேர்ந்ததைக் கீழே சொல்கிறேன்.

*(இனி வருவன எல்லாம் முடிவு வரை தெரிந்தவர்களுக்கு. படித்துக்கொண்டிருப்பவர்கள் இங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்.)*

13ஆம் மாவட்டம் நல்லவர்கள் பக்கம்தானே? காட்னிஸ் ஏன் அவர்களை நம்ப மறுக்கிறாள்?

மறுவாசிப்பில் கதை எவ்வளவு ஆரம்பத்திலேயே இதற்குப் பதில் சொல்லிவிடுகிறது என்று பாருங்கள். தினமும் காலையில் கையில் ஊதா மையால் அன்றைய நேர அட்டவணை அச்சாகிறது. எத்தனை மணிக்குச் சாப்பிட வேண்டும், எப்போது படிக்க வேண்டும், எப்போது யோசிக்க வேண்டும் என்பதுவரை அதில் இருக்கும். சாப்பாடு எடை போட்டுத்தான் கிடைக்கும். அகதிகளை அன்போடு ஏற்றுக்கொள்கிறார்கள், உண்மைதான். ஆனால் கொள்ளைநோய் வந்து மக்கள்தொகை குறைந்து, பலருக்குப் பிள்ளைபெறும் சக்தியும் போய்விட்ட ஊர் அது. வந்தவர்கள் அவர்களுக்குத் தேவைப்பட்டார்கள்.

ஒப்பனைக்காரர்கள் மூவருக்கு வருவோம். கேபிட்டலில் சொகுசாக வளர்ந்த, யாருக்கும் தீங்கு நினைக்காத அசட்டு மனிதர்கள். கூடுதலாக ரொட்டி எடுத்தார்கள் என்பதற்காக அவர்களைச் சுவரோடு சங்கிலியில் பிணைத்து வைத்திருக்கிறது 13ஆம் மாவட்டம். கதவைத் திறந்து அதைப் பார்க்கும் நொடியில் காட்னிஸுக்குத் தலைவி ஆல்மா காயினின் நீதி எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடுகிறது. ரொட்டிக்காகச் சங்கிலி போட்டவர், நாளை நாட்டையே கையில் பிடித்தால் என்ன செய்வார்?

முந்தைய கிளர்ச்சியையும் நினைத்துப் பாருங்கள். அணு ஆயுதம் கையில் இருந்த 13ஆம் மாவட்டம் கேபிட்டலோடு ரகசிய ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, மற்ற மாவட்டங்களைக் கைவிட்டுப் பூமிக்கடியில் போய்விட்டது. அடுத்த 75 ஆண்டுகள் மற்றவர்களின் பிள்ளைகள் செத்ததை அது பார்த்துக்கொண்டிருந்தது. புத்தகம் இதை உரக்கச் சொல்வதில்லை. நாமே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும்.

காட்னிஸ் உண்மையில் சண்டையே போடவில்லையே? கேமராமுன் நடிக்கத்தானே வைத்திருக்கிறார்கள்?

நல்ல கேள்வி. ஆசிரியரின் பின்னணியோடும் சம்பந்தப்பட்டது. சூசன் காலின்ஸ் பல ஆண்டுகள் குழந்தைகளுக்கான தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கு எழுதியவர். ஒரு இரவு சேனல் மாற்றிக்கொண்டிருந்தபோது, ஒன்றில் இளைஞர்கள் போட்டியிடும் நிகழ்ச்சியும் இன்னொன்றில் ஈராக் போர்க் காட்சிகளும் ஓடின. இரண்டும் மனதில் ஒன்றாகக் கலந்ததில்தான் இந்தத் தொடரின் விதை விழுந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

மூன்றாவது புத்தகத்தில் போர் பாதி தொலைக்காட்சியில்தான் நடக்கிறது. ஸ்டூடியோவில் ஒப்பனை போட்டு வசனம் கொடுத்தால் காட்னிஸால் ஒரு வரிகூட உருப்படியாகச் சொல்ல முடிவதில்லை. எப்போதெல்லாம் அவள் உங்களை நிஜமாகவே தொட்டாள் என்று, ஆட்டத்தில் அவளுக்கு வழிகாட்டியாக இருந்த பழைய வெற்றியாளர் ஹேமிட்ச் எல்லாரையும் கேட்கிறார். ஒருவர் சொன்ன பதிலிலும் எழுதிக் கொடுத்த வசனம் கிடையாது. அதனால் அவளை 8ஆம் மாவட்டத்துக்குக் காயம்பட்டவர்கள் நடுவில் அனுப்புகிறார்கள். அவள் வந்துபோன அந்த மருத்துவமனையைக் கேபிட்டல் குண்டு போட்டு அழிக்கிறது. அவளுடைய கோபம் உண்மையானது. அதைப் படம்பிடித்து ஒளிபரப்பிப் பயன்படுத்திக்கொள்கிறார்கள் என்பதும் உண்மை. தேர்தல் காலத்தில் நம் போனுக்கு வரும் வீடியோக்களை இந்தக் கண்ணோடு பார்க்கச் சொல்லிப் பிள்ளைகளிடம் கேட்டுக்கொள்கிறேன்.

பீட்டாவுக்கு என்னதான் செய்தார்கள்?

பழைய நினைவுகளை ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்து, அந்த நேரத்தில் ட்ராக்கர் ஜாக்கர் விஷத்தை ஏற்றிப் பயத்தோடு சேர்த்துத் திரும்பப் பதித்துவிடுகிறார்கள். காட்னிஸைத் தன்னைவிட அதிகமாக நேசித்தவன், மீட்கப்பட்டு வந்ததும் அவள் கழுத்தை நெரிக்கிறான்.

அவனுக்குத் துணையாக வரும் படைவீரர் ஜாக்சன் ஒரு வழி கண்டுபிடிக்கிறார். எது சந்தேகமோ அதைக் கேட்க வேண்டும்: நிஜமா, இல்லையா? சுற்றியிருப்பவர்கள் உண்மையைச் சொல்ல வேண்டும். பொய்யாகப் பதித்த நினைவுகளுக்கு ஒரு மினுமினுப்பு இருக்கிறது என்று பீட்டா தானே கண்டுபிடிக்கிறான். நாவலின் கடைசிப் பக்கம்வரை இந்தக் கேள்வி வருகிறது. குணமாவது என்பது இதில் ஒரு நாளில் நடக்கும் அதிசயமாக இல்லை. ஒவ்வொரு நினைவாக, இன்னொருவரிடம் கேட்டுக் கேட்டுச் சரிபார்க்கும் நீண்ட வேலையாக இருக்கிறது.

கேல் கெட்டவனா?

இல்லை. அதனால்தான் அவன் பகுதி வலிக்கிறது. காட்னிஸோடு சிறுவயதிலிருந்து வேட்டையாடிய நண்பன், அப்பாவைச் சுரங்க விபத்தில் இழந்தவன், ஊர் எரிந்தபோது உயிர் பிழைத்தவர்களைக் காட்டுக்குள் கூட்டிப்போய்க் காப்பாற்றியவன். கேபிட்டல்மேல் அவனுக்குள்ள கோபத்தில் ஒரு சொல்கூடத் தப்பில்லை.

ஆனால் ஆயுத நிபுணர் பீட்டீயோடு உட்கார்ந்து அவன் யோசிக்கும் பொறிகளைப் பாருங்கள் (இவர் பீட்டா அல்ல, 3ஆம் மாவட்டத்துக்காரர்). முதலில் ஒரு குண்டு. காயம்பட்டவர்களைக் காப்பாற்ற ஆள்கள் ஓடிவருவார்கள். அப்போது இரண்டாவது குண்டு. மனிதனின் இரக்கத்தையே தூண்டில் இரையாக்கும் திட்டம் இது. கதைக்காகக் கற்பனை செய்ததும் கிடையாது. இன்றைய நிஜப் போர்களிலும் இப்படி நடக்கிறது. 2ஆம் மாவட்டத்தில் மலைக்குள் இருக்கும் ராணுவத் தளத்தைப் பாறைச் சரிவால் மூடிவிடலாம் என்று சொல்வதும் கேல்தான். சுரங்கத்தில் புதைந்து செத்த ஒருவரின் மகன், ஆயிரக்கணக்கானவர்களை மலைக்குள் புதைக்கச் சொல்கிறான். காட்னிஸ் அந்த ஒப்புமையைப் பார்க்கிறாள், அவனுக்கு அது தெரிவதில்லை.

காட்னிஸ் கடைசியில் பீட்டாவைத்தான் தேர்ந்தெடுப்பாள் என்று தெரியும். ஏன்?

தன்னிடம் தீ ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது, கேலிடமிருந்து இன்னும் தீ வேண்டாம் என்கிறாள். அழிவுக்குப் பிறகும் வாழ்க்கை நல்லபடி நடக்கும் என்ற நம்பிக்கை அவளுக்குத் தேவைப்பட்டது. அதைக் கொடுக்க பீட்டாவால் முடிந்தது.

ப்ரிம் ஏன் சாக வேண்டும்? அவளைக் காப்பாற்றத்தானே கதையே தொடங்கியது?

எங்கள் வட்டத்தில் மிக அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இது. கேட்கும்போதே சிலர் குரல் உடைந்துவிடும். அந்தப் பிள்ளைகளைப் பார்த்து, "கதைதானே" என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை.

நடந்ததைத் திரும்பப் பார்ப்போம். அதிபர் மாளிகைமுன் கேபிட்டல் குழந்தைகளை அரணாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கேபிட்டல் முத்திரை போட்ட விமானத்திலிருந்து சின்னச் சின்ன பாராசூட்டுகள் இறங்குகின்றன. ஆட்டக்களத்தில் மருந்தும் சாப்பாடும் வந்தது அப்படித்தான், அதனால் குழந்தைகள் கை நீட்டுகிறார்கள். வெடிக்கிறது. புரட்சிப் படையின் மருத்துவர்கள் ஓடிவருகிறார்கள். அவர்களில் ப்ரிம் இருக்கிறாள். மீதிப் பாராசூட்டுகள் வெடிக்கின்றன. கேல் யோசித்த அதே பொறி.

ப்ரிமுக்கு அப்போது 14 வயதுகூட நிரம்பவில்லை. அந்த வயதில் யாரையும் போர்முனைக்கு அனுப்புவதில்லை. மேலிடத்து அனுமதி இல்லாமல் அவள் அங்கே வந்திருக்க முடியாது. பிடிபட்டு ரோஜாத் தோட்டத்தில் அடைபட்டிருக்கும் ஸ்னோ, அந்தக் குண்டுகளைப் போட்டது காயின்தான் என்கிறார். தோற்றுக்கொண்டிருந்தவன் தன் நகரத்துக் குழந்தைகளையே கொன்று கடைசி ஆதரவையும் ஏன் இழக்க வேண்டும் என்று கேட்கிறார். இருவரும் ஒருவருக்கொருவர் பொய் சொல்வதில்லை என்று ஏற்கெனவே பேசிவைத்திருப்பதை நினைவுபடுத்துகிறார். தன் திட்டத்தில் செய்த குண்டா என்று கேலுக்கே தெரியவில்லை.

அவள் சாகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அக்கா தங்கையைக் காப்பாற்றினாள், கெட்ட அரசன் ஒழிந்தான், நல்ல பக்கம் வென்றது என்று கதை முடிந்திருக்கும். அப்படி முடிக்க ஆசிரியர் சம்மதிக்கவில்லை. ஒரு பக்கம் நியாயமானது என்பதாலேயே அது குழந்தைகளைக் கொல்லாது என்று நாம் நம்பிவிடக்கூடாது என்கிறார். நமக்குப் பிடித்த ஒருத்தியின் சாவு இல்லாமல் அதை நாம் கேட்டிருக்க மாட்டோம். பெயர் தெரியாத கேபிட்டல் குழந்தைகள் செத்ததற்கு நம்மில் எத்தனை பேர் அழுதோம்?

காட்னிஸ் ஸ்னோவை விட்டுவிட்டு ஏன் காயினைக் கொல்கிறாள்? அதற்கு முன் ஏன் "சரி" என்று வாக்களித்தாள்?

வென்றபின் காயின் ஒரு யோசனை சொல்கிறார்: கேபிட்டல் தலைவர்களின் பிள்ளைகளை வைத்துக் கடைசியாக ஒரு ஆட்டம். உயிரோடிருக்கும் ஏழு வெற்றியாளர்கள் வாக்களிக்க வேண்டும். பீட்டா, ஆனி, பீட்டீ மூவரும் வேண்டாம் என்கிறார்கள். ஜோஹன்னாவும் எனோபேரியாவும் வேண்டும் என்கிறார்கள். காட்னிஸ், ப்ரிமுக்காகச் சரி என்கிறாள். ஹேமிட்ச் அவளைப் பார்த்துவிட்டு அவள் பக்கம் சேர்கிறார். நாலுக்கு மூன்று.

காட்னிஸ் உண்மையாகவே பழி வாங்க நினைத்தாள் என்று வாசிப்பவர்கள் உண்டு. காயின் சந்தேகப்படாமல் தன் கையில் வில்லைக் கொடுக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னாள் என்று வாசிப்பவர்களும் உண்டு. நான் இரண்டாவது பக்கம். வாக்களிக்குமுன் அவள் மனதில் ஓடுவது, 75 ஆண்டுகளுக்கு முன்பும் இப்படித்தான் சிலர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடிவெடுத்திருப்பார்கள், எதுவுமே மாறவில்லை என்பது. அப்படி நினைத்த ஒருத்தி மனமார அந்த ஆட்டத்தைக் கேட்டிருப்பாளா? ஹேமிட்சுக்கும் அது புரிந்துதான் கூடச் சேர்கிறார். அடுத்து மேடையில் ஸ்னோவைக் குறிபார்த்த அம்பு மேலே நகர்ந்து, மாடத்தில் நின்ற காயினைத் துளைக்கிறது.

வாலி வதை சரியா தவறா என்று தலைமுறை தலைமுறையாக வாதாடும் ஊர் இது. சா. கணேசன் 1939இல் கம்பன் கழகத்தைத் தொடங்கிய ஊரில் பிள்ளைகளுக்கு இப்படி வாதாடச் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் வட்டத்தில் 26ஆம் அத்தியாயத்தில் வாக்கெடுப்புக்குமுன் புத்தகத்தை மூடச் சொல்லி, ஏழு பேரிடம் துண்டுச்சீட்டு கொடுப்போம். பெயர் எழுத வேண்டாம், வேண்டும் அல்லது வேண்டாம் என்று மட்டும் எழுதினால் போதும். முடிவு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வருவதில்லை. நீங்களும் செய்து பாருங்கள்.

தோற்றவர்களின் பிள்ளைகளைத் தண்டிப்பது நிஜத்தில் நடக்குமா?

நம் மாவட்டத்திலேயே நடந்திருக்கிறது. 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் கிழக்கிந்தியக் கம்பெனி மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டது. உறவினர்களும் கூட நின்றவர்களும் தப்பவில்லை. சின்ன மருதுவின் மகன் துரைசாமி சிறுவன், 15 வயது. அவரைக் கைதிகளோடு கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். காரைக்குடியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் திருப்பத்தூர் நினைவிடத்துக்குப் போய்விடலாம். இந்தப் புத்தகத்தைப் படித்த பிள்ளைகளை அங்கே கூட்டிப்போனால், "பானெம்" கற்பனை நாடாகத் தெரியாது.

முடிவு ஏன் இத்தனை சோகம்? போர் முடிந்ததே, கொண்டாடக்கூட இல்லையே?

காலின்ஸின் அப்பா அமெரிக்க விமானப்படை அதிகாரி. ஆசிரியர் சிறுமியாக இருந்தபோது அவர் வியட்நாம் போருக்குப் போனார். அந்த வருஷத்தைப் பற்றி 2013இல் காலின்ஸ் குழந்தைகளுக்கான படப்புத்தகமே எழுதியிருக்கிறார். போர் முடிந்து வீடு திரும்பிய மனிதரோடு போரும் வீட்டுக்குள் வரும் என்று அறிந்தவர் எழுதிய முடிவு இது.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இது அந்நியமான விஷயமும் இல்லை. கொண்டுவிக்கப் போன, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன நம் முன்னோர்கள் பலர், 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தபோது காடும் மலையும் தாண்டி நடந்தே ஊர் வந்து சேர்ந்தார்கள். பர்மாத் தேக்குத் தூண்களை வீட்டுக்கு வருகிறவர்களிடம் காட்டுவோம். நடந்து வந்தவர்கள் வழியில் என்ன பார்த்தார்கள் என்பது பல வீடுகளில் பேசப்பட்டதே இல்லை.

காட்னிஸ் 12ஆம் மாவட்டத்துக்குத் திரும்புகிறாள். அம்மா வரவில்லை, அந்த ஊரைப் பார்க்கும் தெம்பு அவருக்கு இல்லை. கேல் 2ஆம் மாவட்டத்துக்குப் போய்விட்டான். ப்ரிமின் பூனை மட்டும் அத்தனை தூரம் தேடிக்கொண்டு வந்து நிற்கிறது. அதைப் பார்த்துத்தான் அவளுக்கு அழுகையே வருகிறது. பீட்டா வந்து வீட்டோரம் ப்ரிம்ரோஸ் செடிகளை நடுகிறான். பிறகு அவளும் பீட்டாவும் ஹேமிட்சும் சேர்ந்து ஒரு புத்தகம் தயாரிக்கிறார்கள். இறந்த ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம், ஒரு படம், மறக்கக்கூடாத சின்னச் சின்ன விஷயங்கள்: ப்ரிமின் கன்னத்தை நக்கும் ஆடு, அப்பாவின் சிரிப்பு. நம் வீடுகளில் படைப்பன்று மறைந்தவர்களை நினைத்துப் புதுத்துணி வைத்துப் படைத்து, அதைப் பேழையில் பத்திரப்படுத்துகிறோமே, அதைப்போன்ற காரியம்தான். சோகத்தை ஒழிக்க அது உதவாது. மறைந்தவர்களுக்கு வீட்டில் ஓர் இடம் கொடுக்கும்.

குழந்தை பெற்றுக்கொள்ளக் காட்னிஸ் சம்மதிக்க 15 ஆண்டுகள் ஆகின்றன. எனக்கு இது சோகமான முடிவாகப் படவில்லை. நேர்மையான முடிவு.

ஃபின்னிக் சாவை ரெண்டு வரியில் முடித்துவிட்டாரே?

இந்தக் குறை நியாயமானது. காட்னிஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது அவளுக்குத் தெரியும் அளவுதான் நமக்கும் தெரியும் என்று சமாதானம் சொல்லலாம். ஆனாலும் ஆனியைக் கல்யாணம் செய்துகொண்ட கொஞ்ச நாளில் சாகும் ஒருவனுக்கு இன்னும் ஒரு பக்கமாவது கிடைத்திருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. முக்கியமான கட்டங்களில் காட்னிஸ் மயங்கிவிடுகிறாள், அல்லது மருந்து கொடுத்துத் தூங்க வைத்துவிடுகிறார்கள். அவள்மீதான விசாரணைகூட அவள் இல்லாமலே நடந்து முடிகிறது. மனம் உடைந்த ஒருத்தியின் கதை என்பதால் பொருத்தம்தான் என்றாலும், சில இடங்களில் ஆசிரியர் எளிதான வழியில் கடந்துவிட்டார் என்றே தோன்றுகிறது.

இது இலக்கியமா? ப்ளஸ் டூ படிக்கிற பிள்ளைக்கு இது தேவையா?

பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் செய்ததைச் சொல்கிறேன். பழந்தமிழ் நூல்களோடு வெகுஜன நாவல்கள், நாடக நோட்டீஸ்கள் என மற்றவர்கள் தூக்கிப்போட்டதையெல்லாம் அவர் சேர்த்து வைத்தார். இன்று சென்னையில் உலகெங்கிலுமிருந்து ஆய்வாளர்கள் தேடிவரும் நூலகம் அவர் சேகரிப்பிலிருந்து பிறந்ததுதான். எது தேவைப்படும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்துப் பிள்ளையின் கையிலிருந்து பிடுங்க வேண்டாம். பரீட்சை முடியட்டும் என்றால் மூன்று மாதம் கழித்துக் கொடுங்கள், ஆனால் கொடுங்கள்.

தமிழில் இதுபோல் ஏதாவது உண்டா?

சுஜாதாவின் "என் இனிய இயந்திரா", அதன் தொடர்ச்சியான "மீண்டும் ஜீனோ" இரண்டையும் தேடிப் படியுங்கள். 1980களில் ஆனந்த விகடனில் வந்த கதை. ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சி, கணவனைத் தேடும் நிலா, ஜீனோ என்ற இயந்திர நாய். ஜீவாவை வீழ்த்தியவர்களே நிலாவை ராணியாக உட்கார வைத்துவிட்டுப் பின்னாலிருந்து ஆள்வதுதான் இரண்டாம் பாகத்தின் பிரச்சினை. காயினைப் படித்தபின் அதைப் படித்தால் வேறு ருசி.

2020லும் 2025லும் வந்த முன்கதைகளை எப்போது படிப்பது?

மாக்கிங்ஜேக்குப் பிறகு. முதலாவது 18 வயது ஸ்னோவின் கதை, பத்தாவது ஆட்டம். அடுத்தது ஹேமிட்ச் வென்ற 50ஆவது ஆட்டம். அந்த வாக்கெடுப்பில் ஹேமிட்ச் காட்னிஸைச் சற்று நேரம் பார்த்துவிட்டு அவள் பக்கம் சேர்ந்தாரே, அவருக்கு என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டபின் அந்த 26ஆம் அத்தியாயத்தை மறுபடி எடுத்துப் படியுங்கள். கையில் காசு ஒரு புத்தகத்துக்குத்தான் இருக்கிறது என்றால் ஹேமிட்ச் கதையை வாங்குங்கள்.